உப்புக் காற்றும் தகரக் கொட்டகையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலே, பருத்தித்துறைக்கு மேற்கேயும் தொண்டைமானாற்றுக்குக் கிழக்கேயும் அமைந்துள்ளது வல்வெட்டித்துறை. அவ்வூரின் கரையோர வீதியில் நடந்து செல்வோர் ஒரு புறத்தே கடலையும் மறு புறத்தே வீட்டு மதில்களையும் காண்பர். மதிலுக்கு உள்ளே, முற்றத்தின் ஓரமாக, இரும்புத் தூண்களின்மேல் நெளிதகரம் வேய்ந்த கார்க் கொட்டகை ஒன்று நிற்பது இன்று அருமையான காட்சியன்று. வெயிலினின்றும் மழையினின்றும் வண்டியைக் காத்தற்பொருட்டு எழுந்தது அக்கொட்டகை. அதனைக் காப்பது எது என்று வினவப் புகுந்தால், விடை இரும்புக் கடையில் மட்டும் கிடைப்பதன்று. அவ்வூரின் பாய்க்கப்பற் காலத்தையும், இலண்டன் துறைமுகத்தில் நிகழ்ந்த ஒரு புதுமையையும் சேர்த்து நோக்குதல் வேண்டும்.

தகரம் வருமுன் குடாநாட்டு வளவுகளில் மாட்டுக்கும் வண்டிலுக்கும் கொட்டில் இருந்தது. வழிப்போக்கர் நின்று இளைப்பாறுதற்குச் சங்கடப்படலையின் மேலேயும் கூரை இருந்தது. அவை பனையோலையாலோ கிடுகாலோ வேயப்பட்டவை. ஆண்டுக்கொரு முறை, தவறினால் ஈராண்டுக்கொரு முறை, மழைக்கு முன்னரே ஓலையைக் கழற்றிப் புதிது வேய்தல் எல்லாக் குடும்பத்துக்கும் உரிய கடமையாயிருந்தது. ஓலைக் கூரை தன் குறையை மறைப்பதில்லை. நைந்தவிடத்தில் வெளிச்சம் தெரியும்; முதல் மழையிலேயே ஒழுகும். ஆதலால் அதனை மறந்திருத்தல் எவர்க்கும் இயலாது. தீப்பற்றும் அச்சமும், ஆண்டுதோறும் செலவாகும் ஓலையும் கூலியும் மக்களை வேறு கூரை தேடச் செய்தன. ஓடு வேய்ந்தவர் செல்வர். ஓட்டுக்கும் ஓலைக்கும் இடையே வந்து நின்றது தகரம்.

வல்வெட்டித்துறை மக்களுக்கு ஆண்டுதோறும் செய்யும் பராமரிப்பு வீட்டுக் கூரையோடு முடிந்ததன்று. இவ்வூர்ப் பாய்க்கப்பல்கள் நாகபட்டினத்துக்கும் தூத்துக்குடிக்கும் வங்கக் கடலைக் கடந்து இறங்கூனுக்கும் சென்று வந்தன. கப்பல் கட்டும் மேத்திரியாரும் அதனைச் செலுத்தும் தண்டையலும் ஊரில் மதிப்புப் பெற்றிருந்தனர். கடல் கொந்தளிக்கும் வாடைக் காலத்தில் ஓய்ந்திருக்கும் கப்பலைச் சோதித்துப் பழுது பார்ப்பர். பலகைப் பொருத்துகளிலே பழைய நாரைக் களைந்து புதிய நாரைச் செருகிக் குங்கிலியமும் எண்ணெயும் சேர்ந்த பசையால் அடைப்பர். இதற்குக் கலப்பற்று என்று பெயர். மரத்தைத் துளைக்கும் கடற்புழு அணுகாதிருக்கக் கப்பலின் அடியில் சுண்ணாம்பும் எண்ணெயும் குழைத்துப் பூசுவர். ஆணித்தலைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பர். நல்ல மரம் தலைமுறை தாண்டி நிற்க, அதனுள் அறைந்த இரும்பாணியே முதலில் கறள் பிடித்து இற்றுப்போகும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

இத்தகைய பேணுதலின் பயனை உலகம் அறியச் செய்தது அன்னபூரணி என்னும் கப்பல். 1930ஆம் ஆண்டளவில் வல்வெட்டித்துறைக் கரையிலே கட்டப்பெற்ற, 89 அடி நீளமுள்ள, இரு பாய்மரங்களையுடைய இக்கப்பலை வில்லியம் அல்பேட் றொபின்சன் என்னும் அமெரிக்கர் விலைக்கு வாங்கித் தம் மனைவியின் பெயரால் 'புளோறன்ஸ் சி. றொபின்சன்' என்று பெயர் மாற்றினார். 1937இல் இலங்கையை விட்டுப் புறப்பட்ட அக்கப்பல், இவ்வூர் மாலுமிகளால் செலுத்தப்பெற்று, 1938 ஆகஸ்டு மாதத்தில் மசாசூசெற்சு மாநிலத்துக் குளோசெஸ்ரர்த் துறையை அடைந்தது. இப்பயணத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் மாலுமிகளின் துணிவையே போற்றுவர். அது தக்கதே. எனினும் அத்திலாந்திக்கு மாகடலின் அலைகளைத் தாங்கியவை பலகையும் பொருத்துமாதலின், அவற்றை இறுக்கிவைத்த கைகளுக்கும் புகழில் ஒரு பங்கு உண்டு.

நெளிதகரத்தின் கதை பிறிதொரு துறைமுகத்தில் தொடங்குகின்றது. இலண்டன் துறைமுகக் கம்பனியின் பொறியியலாளராயிருந்த ஹென்றி றொபின்சன் பாமர் என்பவர் 1829இல், தட்டையான இரும்புத் தகட்டை அலையலையாக நெளித்துக் கூரையாக்கும் முறைக்கு ஆக்கவுரிமை பெற்றார். மெல்லிய தகடு தன் பாரத்தாலேயே தொய்ந்துவிடும். அதனையே நெளித்துவிட்டால், நெளிவின் நீளப்போக்கில் பன்மடங்கு உறுதி பெற்று, இடையில் அதிக மரமின்றி அகன்ற வெளியை மூடவல்லதாகும். பண்டங்களைக் குவித்துவைக்கும் துறைமுகக் கொட்டகைகளுக்கு இது பெருந்துணையாயிற்று. ஆயினும் வெறும் இரும்பு நனைந்தால் கறள் பிடிக்கும். தாரும் மையும் பூசியும் அத்தகடுகள் நெடுங்காலம் நிற்கவில்லை.

அக்குறையைத் தீர்க்க வந்தது நாகம், அல்லது துத்தநாகம், என்னும் உலோகம். இதன் இயல்பை உணர்தற்கு மீண்டும் கப்பலிடமே செல்லுதல் வேண்டும். மரக்கப்பலின் அடியைப் புழுவினின்று காக்கப் பிரித்தானியக் கடற்படை செப்புத் தகடு பொதிந்திருந்தது. உப்புநீர் அச்செம்பை அரித்தது. 1824இல் ஹம்பிரி டேவி என்னும் விஞ்ஞானி, செப்புத் தகட்டோடு சிறு நாகத் துண்டையோ இரும்புத் துண்டையோ பொருத்தினால், கடல்நீர் அத்துண்டையே அரித்துச் செம்பை விட்டுவிடும் என்று காட்டினார். செம்பு காக்கப்பட்டது உண்மையே. ஆனால் செம்பு சிறிது சிறிதாகக் கரைந்து நஞ்சூட்டிக்கொண்டிருந்தமையாலேயே பாசியும் சிப்பியும் அண்டாதிருந்தன என்பது பின்னரே தெரியவந்தது. கரைவது நின்றதும் அவை கப்பலடியில் ஒட்டி வளர்ந்து ஓட்டத்தைத் தடுத்தன. கடற்படை அத்துண்டுகளைக் கழற்றிவிட்டது. அறிவியல் வென்று நடைமுறை தோற்ற இந்நிகழ்ச்சி டேவிக்குப் பெருந்துயர் தந்ததாயினும், ஓர் உலோகம் தான் அழிந்து மற்றோர் உலோகத்தைக் காக்கும் என்னும் உண்மை நிலைபெற்றது.

1837இல் பிரான்சு நாட்டில் ஸ்தனிஸ்லாஸ் சொறெல் என்பவர், தூய்மை செய்த இரும்பை உருகிய நாகத்தில் முக்கியெடுக்கும் முறைக்கு ஆக்கவுரிமை பெற்றார். பாமரின் நெளிவும் சொறெலின் நாகப்பூச்சும் ஒன்றுசேர்ந்தபோதே இன்று மக்கள் தகரம் என்று வழங்கும் பொருள் பிறந்தது. கப்பலேற்றிக் கொண்டுபோவதற்கு எளிதாயிருந்தமையால் அது உலகின் எல்லாக் கரைகளுக்கும் பரந்தது. இலங்கையின் மலைநாட்டிலே தேயிலைத் தொழிற்சாலைகளின் கூரையும் சுவரும் அதனாலேயே ஆயின. வடக்கேயுள்ள காங்கேசன்துறையைக் கொழும்போடு இணைத்த இருப்புப்பாதை 1905இல் நிறைவெய்தியபின், கடல்வழியையே நம்பியிருந்த பாரமான பண்டங்களுக்குத் தரைவழியும் திறந்தது.

கார் வந்தபின், அதற்கோர் உறைவிடம் வேண்டியிருந்தது. மேல்நாட்டில் முதலிலே குதிரை லாயத்தைப் போல் நாற்புறமும் அடைத்த அறையே அமைத்தனர். 1936, 1937ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மடிசன் நகரில் ஜேக்கப்ஸ் என்பவர்க்கு வீடமைத்த பிராங் லொயிட் றைற் என்னும் கட்டடக் கலைஞர், கார் குதிரையன்று, அதற்கு மேலே ஒரு கூரை போதும் என்று கருதி, பக்கம் திறந்த கொட்டகையை வீட்டோடு சேர்த்தமைத்தார். குளிர்நாட்டில் இது புதுமையாய்த் தோன்றியிருக்கலாம். பக்கம் திறந்த மால்களில் வண்டில் நிறுத்திப் பழகிய யாழ்ப்பாணத்தவர்க்கு இதில் வியப்பொன்றுமில்லை. ஓலைக்குப் பதிலாகத் தகரமும், பனங்குற்றிக்குப் பதிலாக இரும்புக் குழாயும் வந்தன, அவ்வளவே.

ஆனால் அம்மாற்றத்தோடு மற்றொன்று மறைந்தது. தகரம் வேய்ந்தவர், இனி ஆண்டுதோறும் கூரையைப் பார்க்கத் தேவையில்லை என்று எண்ணினார். தகரத்தை விரும்பி வாங்கியதன் காரணமே அதுதான். உள்நாட்டில், கடலுக்கு எட்டிய ஊர்களில், அவ்வெண்ணம் பெரிதும் பிழைபடவில்லை. வல்வெட்டித்துறை போன்ற கரையிலே பிழைபட்டது. எத்துணை பிழைபட்டது என்பதைச் சில கணக்குகள் காட்டும்.

இக்காலத்தில் சாதாரணமாக விற்கப்படும் நல்ல தகட்டில், இரு பக்கமும் சேர்த்து ஒரு சதுர மீற்றருக்கு 275 கிராம் நாகம் உண்டு. ஒரு பக்கத்துக்கு இது ஏறத்தாழ 20 மைக்குரோன், அதாவது ஒரு மில்லிமீற்றரின் ஐம்பதில் ஒரு பங்கு தடிப்பாகும். உப்பில்லாத காற்றில் இப்படை ஆண்டொன்றுக்கு ஒரு மைக்குரோனளவோ அதற்கும் குறைவாகவோ தேயும். கடலை ஒட்டிய கடுமையான சூழலிலோ ஆண்டுக்கு 4 முதல் 8 மைக்குரோன் வரை தேயுமென்று உலகத் தர நிர்ணயங்கள் வகுக்கின்றன. உள்ளூரில் இருபது ஆண்டு நிற்கும் பூச்சு, அலைத்திவலை படும் முற்றத்தில் ஐந்தாண்டுக்குள் தீர்ந்துவிடலாம். அதன்பின் வெளிப்படுவது வெறும் உருக்கு.

பழைய தகரம் இப்படியன்று, பாட்டன் காலத்துக் கூரை இன்னும் நிற்கிறது என்று முதியோர் கூறுவதுண்டு. அதில் உண்மை இல்லாமலில்லை. அக்காலத் தகடுகள் உருகிய நாகத்தில் ஒவ்வொன்றாக முக்கியெடுக்கப்பட்டவையாதலால் பூச்சுத் தடித்திருந்தது. 1930களில் போலந்து நாட்டவரான சென்சிமிர் என்பவர் வகுத்த முறைப்படி, முடிவில்லாத நாடாவைப் போல் ஓடும் தகட்டுக்குத் தொடர்ச்சியாகப் பூச்சேற்றத் தொடங்கியபின், பூச்சுச் சீராகவும் மெல்லியதாகவும் ஆயிற்று, விலையும் தணிந்தது. பழைய கூரைகளுள் நின்றவற்றையே இன்று காண்கிறோம், இற்றவை கண்ணுக்கெட்டாமற் போயின என்பதையும் மறத்தலாகாது.

உப்புச் செய்யும் தீங்கை அடுக்களைச் சாடியிலேயே காணலாம். மழைக்காலத்தில் உப்பு ஈரத்தை இழுத்துக் கசிகின்றது. காற்றோடு வந்து தகரத்தில் படியும் நுண்ணுப்பும் அவ்வாறே ஈரத்தை இழுத்துப் பிடித்து, வெயில் காய்ந்த நாளிலும் தகட்டை நனைத்துக்கொண்டிருக்கும். நாகம் காற்றிலே தன்மேல் ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கிக் கொள்வது. உப்பிலுள்ள குளோரைட்டு அப்படலத்தை நிலைபெற விடுவதில்லை.

வல்வெட்டித்துறை வடக்கு நோக்கிய கரை. சோளகம் வீசும் மாதங்களில் காற்று நிலத்தின்மேலாக வந்து கடலுக்குச் செல்கின்றது. அப்போது கூரையில் விழுவது பெரும்பாலும் தோட்டவெளிகளின் தூசியே. ஐப்பசிக்குப்பின் வாடை எழுந்ததும் கடல்நீர்த் திவலை நேரே முற்றத்துக்கு வரும். அக்காலமே மழைக்காலமும் ஆதலின் கூரையின் மேற்புறத்தை மழை கழுவிவிடுகின்றது. கீழ்ப்புறத்தைக் கழுவுவார் எவருமிலர். இரவில் பனி கோத்து அடிப்பக்கம் நனைகின்றது; படிந்த உப்போடு அவ்வீரம் கலக்கின்றது. ஆகவே பக்கம் திறந்த கார்க் கொட்டகையின் தகரம் வெளியிலிருந்து நோக்குவோர்க்கு வெள்ளி போல் மின்னிக்கொண்டிருக்க, உள்ளிருந்து இற்றுவருவது இயல்பாயிற்று. காரின்மேல் செந்நிறத் துகள் உதிர்வதைக் கண்டபின்னரே வீட்டுக்காரர் அண்ணாந்து பார்க்கின்றார். ஓலைக்கூரை முதல் மழையிலேயே சொல்லிவிட்டதை இக்கூரை பத்தாண்டு மறைத்து வைத்திருந்தது.

இதற்கு மருந்து மிக எளியது. ஆதலாலேயே செய்யப்படாமற் போகின்றது. வாடை தணியும் தை, மாசி மாதங்களில் ஒரு முறையும், இடையில் இயன்றபோதும், கூரையின் அடிப்பக்கத்தையும் தூண்களின் மேற்பாகத்தையும் நன்னீரால் கழுவிவிடுதலே அது. நன்னீர் என்பதை இங்கு அழுத்திக் கூறுதல் வேண்டும். கரையோரக் கிணறுகள் சிலவற்றில் ஊறுவது சவர்த்தண்ணீர்; அதனால் கழுவுவது உப்பை உப்பால் துடைப்பதாகும். பீலிவழியே வடியும் மழைநீரைச் சேமித்துவைத்தால் அதனிலும் சிறந்த நீர் இல்லை.

கூரைக்கு மேலே கிளை பரப்பும் வேம்பும் மாவும் நிழல் தருவன. அவற்றின் சருகு நெளிவுகளில் தங்கி ஊறினால், அவ்விடத்தில் தகரம் மாதக்கணக்காக ஈரத்திலேயே கிடக்கும். மழைக்கு முன் அதனைப் பெருக்கித் தள்ளுதல் நன்று. தூணின் அடி அடுத்துக் கவனிக்க வேண்டிய இடம். சீமெந்துக்குள் இறங்கும் இடத்தில் நீர் தேங்குமாயின், மேலே முழுத்தூணும் நன்றாயிருக்கவே அடி அறுந்துவிடும். சீமெந்தை நிலத்துக்குமேல் சற்றே உயர்த்தி, புறஞ்சரிவாகப் பூசி, குழாய்த்தூணின் உச்சியை மூடியால் அடைத்துவிட்டால் இத்தீங்கு பெரும்பாலும் நீங்கும். செப்புக் கம்பியோ செப்புக் குழாயின் நீரோ தகரத்தின்மேல் படுமாறு விடலாகாது. டேவி கண்ட அதே விதிப்படி, செம்பு அருகிருக்கும் இடத்தில் நாகம் விரைந்து அழியும்.

பூச்சுப் பூசுவதில் பலர் ஏமாறுகின்றனர். புதுத் தகரத்தின்மேல் சாதாரண எண்ணெய் மையைப் பூசினால், நாகம் எண்ணெயோடு சேர்ந்து ஒருவகைச் சவர்க்காரமாகி, மை ஏடேடாக உரிந்து விழும். முற்காலத்துப் பூச்சுக்காரர் புதுத் தகட்டைச் சில மாதம் மழையிலும் வெயிலிலும் விட்டுப் பின்னரே பூசியது இதனாலேயே, அது சோம்பலன்று. இன்று நாகத்தகட்டுக்கென்றே அடிப்பூச்சு உண்டு. கறள் கண்டவிடத்தில் அதனைச் சுரண்டி, உப்புப்போகக் கழுவி, நன்கு உலர்த்தியபின் நாகத்தூள் செறிந்த பூச்சைத் தடவி, அதன்மேல் மேற்பூச்சு இடுவர். கறளின் மேலேயே மை பூசுவது புண்ணை மூடிக் கட்டுவது போலாகும். பழைய நாளில் பெருவழக்காயிருந்த ஈயச் செந்தூரம் நஞ்சாதலின், அது பூசிய பழைய இரும்பைச் சுரண்டுவோர் தூசியை உட்கொள்ளாது காத்துக்கொள்ளுதல் வேண்டும்.

கறளுக்கு அடுத்த பகை காற்று. 1964 டிசம்பர் 22, 23ஆம் நாள்களில் பாக்கு நீரிணைப் பகுதியைத் தாக்கிய சூறாவளி தனுஷ்கோடியை அழித்து, வட இலங்கைக் கரைகளையும் அலைக்கழித்தது. பக்கம் திறந்த கொட்டகையில் காற்றுக் கீழே புகுந்து கூரையை மேலே உந்தும். கூரையின் மேலே ஓடும் காற்றும் அதனை இழுக்கும். இரண்டும் ஒரே திசையில் வேலை செய்வதால், தகரம் விழுவதில்லை, பறக்கின்றது. பறக்கும் தகட்டின் விளிம்பு கத்திக்கு நிகர். ஆதலின் தூணை நிலத்தோடும், வளையை தூணோடும், தகரத்தை வளையோடும் பிணைக்கும் ஆணிகளையும் திருகாணிகளையும் வாடைக்கு முன் ஒவ்வொன்றாகச் சோதித்தல் வேண்டும். பழைய கப்பலில் ஆணித்தலை பார்த்த கண்ணுக்கு இது புதிய வேலையன்று. ஒரு தகட்டின்மேல் மறு தகடு ஏறும் பொருத்து கடற்பக்கம் வாய் திறந்திராமல், காற்று வீசும் திசைக்கு எதிர்ப்பக்கமிருந்து வேயத் தொடங்குவதும் பழைய வேய்வோரின் வழக்கம்.

போர்க்காலம் இவ்வூரின் கூரைகளைப் பெரிதும் சிதைத்தது. 1987 மே மாதத்தில் வடமராட்சியில் நிகழ்ந்த படை நடவடிக்கையின்போதும் அதற்கு முன்னும் பின்னும் பல வீடுகள் அழிந்தன. 1990இன் பின்னர் வடக்குக்குச் செல்லத் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் இரும்பும் சீமெந்தும் எரிபொருளும் அடங்கின. அவ்வாண்டுகளில் குடாநாட்டு வீதிகளில் ஓடியவை பெரும்பாலும் ஒஸ்ரின், மொறிஸ் மைனர் முதலிய பழைய கார்களே. சிறிதளவு பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு இயந்திரத்தை எழுப்பியபின் மண்ணெண்ணெயில் அவற்றை ஓட்டினர். புதிய கார் வரவழியில்லை; புதிய தகரமும் வரவழியில்லை. கழற்றிய பழந்தகரத்தின் ஆணித்துளைகளைத் தார் தோய்த்த துணியால் அடைத்து மீண்டும் வேய்ந்தனர். இந்நிலையில் அரை நூற்றாண்டு வயதுடைய கார்கள் நோயாளரையும் கர்ப்பிணிகளையும் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றன. அவற்றின் உடலும் கூரைத் தகடு போன்ற இரும்பே. உப்புக் காற்றுக்கு இரண்டும் ஒன்றே. நிழலில் நிறுத்தி, அடிப்பக்கம் கழுவி, கறளைக் கண்டவுடன் சுரண்டிப் பூசியவர்களின் கார்களே எஞ்சின.

இன்று கடைகளில் விற்கப்படும் வண்ணத் தகடுகளிற் பல, 1972இல் அமெரிக்காவில் வணிகத்துக்கு வந்த அலுமினிய-நாகக் கலப்புப் பூச்சுடையவை. அப்பூச்சில் நூற்றுக்கு 55 பங்கு அலுமினியம். வெறும் நாகப்பூச்சினும் இது கடற்காற்றை நெடுநாள் தாங்கும் என்பது மெய்ப்பிக்கப்பட்டதே. ஈரச் சீமெந்தும் சுண்ணாம்பும் இதன்மேல் தெறித்தால் அரிக்கும். ஆகவே சுவர் பூசும் வேலை முடிந்தபின் தகடு ஏற்றுவது நலம். இத்தகட்டுக்கு நெடுங்கால உத்தரவாதம் எழுதிக்கொடுப்பவர் பலர். அவ்வுத்தரவாதப் பத்திரத்தின் சிறிய எழுத்துகளை வாசித்துப் பார்த்தால், கடலுக்கு இத்தனை தூரத்துக்குள் அமைந்த கூரைகளுக்கு அது பொருந்தாது என்றும், மழைநீர் படாத பகுதிகளைக் காலந்தோறும் நன்னீரால் கழுவிவரல் வேண்டும் என்றும் நிபந்தனை குறித்திருப்பது வழக்கம்.